அச்சில் பாதி

"ஒவ்வொரு அச்சுலயும் எனக்குப் பாதி வேணும்" என்றாள் கயல்விழி.

வக்கீல் ஜெயராஜ் பேனாவை மூடி வைத்தார். விவாகரத்து கிடைத்தாயிற்று. வீட்டை விற்றுப் பங்கு பிரித்தாயிற்று. நகை அவளுக்கு, வண்டி கோதண்டபாணிக்கு. பிள்ளைகள் இருவரும் அவளோடு. மிச்சம் இருந்தது, புருஷனும் பெண்டாட்டியுமாய் நடத்திய பொம்மைக் கம்பெனியின் அச்சுகள்தான்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். பிள்ளையாரு, கிருஷ்ணரு எல்லாத்தையும் கலந்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்குங்க."

"அப்படி இல்லீங்க சார். பிள்ளையாரு அச்சுன்னா முன்பாதி ஒருத்தருக்கு, பின்பாதி ஒருத்தருக்கு. எல்லா அச்சும் அப்படித்தான் பிரியணும்."

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அச்சு என்றால் இரண்டு பாதி. இரண்டையும் சேர்த்துக் கட்டி, உள்ளே மண் கரைசலை ஊற்றினால்தான் பொம்மை. ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

கோதண்டபாணியின் அக்கா ஆராயி எழுந்தே விட்டாள். "பாத்தீங்களா சார்? தான் கெட்டாலும் பரவால்ல, எந்தம்பி பொழைக்கக் கூடாது. மனசு பூரா வெசம்."

கயல்விழி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பாதிக்குப் பாதின்னு அவரும்தான கையெழுத்துப் போட்டாரு? அதைத்தான் கேக்கறேன்."

கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் அவனுக்கு இன்னொருத்தி இருக்கிற சங்கதி தெரிந்த மறுநாளே நோட்டீஸ் விட்டவள் இவள். அழுதாளா, காலில் விழுந்தாளா, ஒன்றும் கிடையாது. அந்தத் திமிரைத்தான் அவனால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

தன் பங்கு அச்சுகளைப் பண்ருட்டி வியாபாரி ஒருவரிடம் தள்ளிவிட்டு ஸ்ரீமுஷ்ணத்துக்காரியோடு போய்ச் சேர்ந்துவிடுவது என்றிருந்தான் அவன். தொழிலே இல்லாதவனிடம் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்டால் கையை விரித்துவிடலாம். அதில் மண்ணைப் போடுகிறாள்.

ஆனாலும் வீம்பு யாரை விட்டது? "சரி சார். முன்பாதி எல்லாம் எனக்கு. முதுகை அவளே கட்டிக்கிட்டு அழட்டும்" என்றான். கொலு ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. ஒரே வாரத்தில் கெஞ்சிக்கொண்டு வருவாள் என்பது அவன் நினைப்பு.

அவள் வரவில்லை. பொம்மை செய்த வாடகை ஷெட்டைப் பூட்டிவிட்டு, பைப்புக் கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போனாள். ஆராயி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பண்ருட்டி வியாபாரியும் சிரித்தார். "மூஞ்சிய மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? புதுசா பின்பாதி எடுத்தா இதோட சேராது. ரெண்டும் இருந்தா சொல்லுங்க."

ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி வேனில் முன்பாதிகளை ஏற்றிக்கொண்டு, அவனே ஷெட்டுக்கு வந்தான். கயல்விழி உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எம் பாதியையும் நீயே வாங்கிக்க. குடுக்கறதக் குடு" என்றான்.

"வாங்க மாட்டேன்."

"அப்ப ஒன் பாதிய எனக்கு வித்துடு."

"விக்கவும் மாட்டேன்."

"அப்ப என்னதான்டி வேணும் ஒனக்கு?"

"'டி' போட்டுப் பேசறதெல்லாம் முடிஞ்சுபோச்சு." விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்தாள். "ஒங்க பாதிய எறக்கி வைங்க. தெனமும் வந்து இங்கியே ஊத்துங்க. வர்ற பொம்மையில ஆளுக்குப் பாதி. சாயங்காலம் கெளம்பிடுங்க. எங்க போறீங்கன்னு கேக்க மாட்டேன்."

கோதண்டபாணிக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மீசைக்குள் சிரித்துக்கொண்டான். "அப்படி வா வழிக்கு. என்னை வுட்டுட்டு ஒன்னால இருக்க முடியல."

"ஒங்கள வேணாம்னு மொதக் கையெழுத்துப் போட்டது நான். அது அப்படியேதான் இருக்குது. வேற நெனப்போட வர்றதா இருந்தா வேன திருப்பிக்கிட்டுப் போயிடுங்க."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அடித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வேன் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். கேஸ் நடந்த ஒரு வருஷமும் அவன் அவர்களைப் பார்க்கவில்லை, பார்க்க முயலவும் இல்லை. பெண் வளர்ந்திருந்தாள். நேராக வந்து, அச்சுக் கட்டும்போது பிடித்துக்கொள்ள உட்காருவாளே, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். சின்னவன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகே வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தான்.

கோதண்டபாணி அந்தக் கையை விலக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினான்.

"எல்லாம் ஜீவனாம்சத்துக்குத்தான? எங்கியாவது கடன ஒடன வாங்கி மாசாமாசம் கட்டித் தொலைக்கிறேன். எதுக்கு இப்படி என்னைக் கட்டிப் போடற?"

கயல்விழி வேனிலிருந்து முதல் அச்சை இறக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்களுக்குக் காசு வேணும்னா கோர்ட்டுல கேட்டு வாங்கிடுவேன். அப்பன் வேணும்னா எந்தக் கோர்ட்டுல போயிக் கேக்கறது?"