கடல் தாண்டி வந்த சாமி

"ஒரு மாசமா இந்தக் கூத்துதான் கோடாங்கி. பொழுது சாஞ்சா கதவைச் சாத்திக்கிட்டு, தொடையில தட்டித் தட்டி, புரியாத பாஷையில என்னமோ பேசுறா" என்றாள் சோணையம்மாள்.

எதிரே மருமகள் அகல்யா. பேயோட்ட வந்திருந்த கோடாங்கி இருளாண்டியின் மடியில் உடுக்கை, பக்கத்தில் சாட்டை. அவள் கண் அந்தச் சாட்டையை விட்டு நகரவில்லை.

"அத்தே, அது லத்தீன். பழைய ரோமாபுரிப் புராணப் பாட்டு. வெளிநாட்டுக் காலேஜுல ஆன்லைன்ல படிக்கிறேன். பரீட்சையில தாளம் தப்பாம மனப்பாடமாச் சொல்லணும். இவுகளுக்கும் தெரியும்."

கணவன் ரவிக்குமாரைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாமல் என்ன? சேர்த்துவிட்டதே அவன்தான். ஆனால் அம்மா முன்னால் மட்டும் அவன் வாயில் கொழுக்கட்டை.

"படிப்பாம் படிப்பு! படிக்கிறவ புஸ்தகத்தைப் பாப்பாளா, கண்ணை மூடிக்கிட்டு ஆடுவாளா? வெளிய தெரிஞ்சா காரைக்குடி வரைக்கும் நாறிப்போகும்."

இருளாண்டி கைகாட்டி அவளை நிறுத்திவிட்டு அகல்யாவிடம் திரும்பினார். "அந்தப் பாட்டுல என்ன வருது?"

அகல்யா தயங்கினாள். "ஒரு சாமி ஒரு பொண்ணைத் தொரத்துது. தப்பிக்க வழியில்லாம அவ... மரமா மாறிடுறா."

"கேட்டீகளா!" சோணையம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "கம்மாக்கரைப் புளியமரத்துப் பேயி, அது வாயாலயே ஒத்துக்கிருச்சு! சாட்டைய எடுங்க கோடாங்கி. அந்தப் போனை ஒடச்சுப் போட்டுட்டு, இவளை ஒரு மண்டலம் குலசாமி கோயில்ல விட்டாத்தான் சரிப்படும்."

ஒரு மண்டலமா? பரீட்சை போச்சு. ராப்பகலாகப் படித்ததெல்லாம் போச்சு. அகல்யா போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இருளாண்டி சாட்டையை ஓங்கினார். ரவிக்குமார் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுளீர்!

அடி தரையில் விழுந்தது. இருளாண்டி குனிந்து, அவள் நெற்றியில் திருநீறு பூசி, காதுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவள் திகைத்து நிமிர்ந்தாள். உதடு மட்டும் அசைந்து பதில் சொன்னது.

உடுக்கை அதிர்ந்தது. கோடாங்கியின் குரல் மாறியது.

"ஏ சோணையம்மா! பேயில்லடி இது, கடல் தாண்டி வந்த சாமி! பங்குனி முடிஞ்சாத்தான் மலையேறும். அதுவரைக்கும் வெளக்கு வச்சதுக்கப்பறம் இவளை அடுப்படிக்குக் கூப்பிடாத. கதவைத் தட்டாத. வாய்விட்டுப் பாடட்டும். குறுக்க வந்தா குடும்பத்துக்கு ஆகாது!"

"உத்தரவு சாமி!" சோணையம்மாள் தடாலென்று மருமகள் காலில் விழுந்தாள். பின்னாலேயே ரவிக்குமாரும் விழுந்தான். விழுவதற்கு வாய் தேவையில்லையே!

எல்லோரும் மந்திரம் என்று நினைத்தார்களே, கோடாங்கி அவள் காதில் முணுமுணுத்தது இவ்வளவுதான்:

"நானும் இப்பிடித் தொடையில தட்டித்தான் சாமி பாட்டெல்லாம் மனப்பாடம் பண்ணுனேன். பரீட்சை எந்த மாசம் தாயி?"