கல் மாற்றி வைத்த வீடு

மீன் தொட்டிக்குள் கையை விட்டதும் கொத்தியது.

ஒரு விரல் நீளம்தான். என்ன திமிர் பார்!

கொளத்தூர் மீன் கடையில் வாங்கும்போது மஞ்சளாக இருந்தது. ஆப்பிரிக்க சிக்லிட் வகை. தொட்டி தன்னுடையது என்றானதும் உடம்பே கறுத்துவிட்டது. போன வாரம் விட்ட புது மீனை விடிவதற்குள் கொத்தியே கொன்றிருந்தது.

அவன் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். மகள் இலக்கியா வாங்கி வாளியில் போட்டாள்.

"எல்லாத்தையும் ஏம்ப்பா எடுக்கிற?"

"கல்லு அங்கேயே இருந்தா, இது என் இடம்னு அடிப்பான். மாத்தி வெச்சிட்டா அவனுக்கும் எல்லாம் புதுசு. வர்றது பொழைச்சுக்கும்."

அவள் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினாள்.

வேறு மாதிரி அடுக்கினான். இன்னொரு புது மீனை விட்டான். பழையது தன் பொந்து இருந்த மூலைக்குப் போனது. பொந்து இல்லை. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

பாவமாகத்தான் இருந்தது.

நாளை தமயந்தி வருகிறாள், இனி இங்கேயே இருக்க. அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்.

முன்பு ஒருமுறை வந்தபோது, தெரியாமல் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அது எங்கம்மாவோடது!" இலக்கியா அவள் கையைப் பிடித்து இழுத்ததில் நகம் கீறி ரத்தம் வந்துவிட்டது. அம்மா இறந்து இரண்டு வருடம். அந்த நாற்காலியில் அவனே உட்கார்ந்ததில்லை.

அன்று பஸ் ஏறும்போது தமயந்தி கேட்டாள், தான் வரத்தான் வேண்டுமா என்று. அவன் அவள் பையை ஏற்றிக் கொடுத்தான்.

இன்னொரு தடவை அப்படி ஆனால் அவள் தங்கமாட்டாள். அந்தப் பயம் அவனுக்கு.

மறுநாள் ஞாயிறு காலை எழுந்ததும் இலக்கியா தொட்டியைத்தான் பார்த்தாள். இரண்டு மீனும் உயிரோடு இருந்தன. பல் தேய்க்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தமயந்தியை அழைத்து வந்தான்.

கதவைத் திறந்தவன் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நின்றுவிட்டான்.

சோபா எதிர்ச்சுவரில். சாப்பாட்டு மேசை ஜன்னலோரம். தரையெல்லாம் இழுத்த கீறல்.

பிரம்பு நாற்காலி மற்ற நாற்காலிகளோடு, மேசையைச் சுற்றி ஒன்றாக.

நடுக்கூடத்தில் இலக்கியா. வேர்த்துக் கொட்டியது. கன்னத்தில் இருந்தது வேர்வை மட்டும் இல்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டேம்ப்பா. இப்ப நான் எங்க உட்காரணும்னுதான் தெரியல."



தமயந்தி பையைக் கீழே வைத்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். எதிலும் உட்காரவில்லை.

தரையில் உட்கார்ந்தாள். சுவரோரமாக, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு.