அடைமொழி

"இந்தப் பேரு உங்களுக்கு எப்படிண்ணா வந்துச்சு?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சாலமன் தையல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி இதுதான் என்று முன்னாடியே தெரியும். பதிலை மகள் ஜாஸ்மின் இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு வரிப் பதில்தான். ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மேசைமேல் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். பக்கத்தில் பெரிய கத்திரிக்கோல் இரண்டாகக் கழன்று கிடந்தது. சாணை பிடிக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் போட்ட ஆள், டீ குடிக்கப் போய் அரைமணி நேரமாகிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே கடையில் லேடீஸ் டெய்லர் அவர். அவர் போகும் சர்ச்சில் இரண்டு சாலமன்கள் உண்டு. குழாய் வேலை பார்க்கிறவர் பைப்பு சாலமன். இவர் கத்திரி சாலமன். வாடிக்கைக்காரப் பெண்களிடம் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். ஆண்களிடமும் அப்படித்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சிக்னல் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் அடிதடி. தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போன சாலமன், நின்று வேடிக்கை பார்த்த பாவத்துக்குப் போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டார்.

மைக்கை நீட்டிய டிவிக்காரரிடம் பூக்கடை லோகநாயகி, "எங்க கத்திரி சாலமனையும் இட்டுகினு போய்ட்டாங்கோ சார். அது இன்னா பண்ணுச்சி, பாவம்" என்றாள். ஹாரன் சத்தத்தில் டிவிக்காரருக்கு ஓர் எழுத்து கேட்காமல் போய்விட்டது.

அன்று மாலை முழுக்கத் திரையின் அடியில் ஓடியது: 'கத்தி' சாலமன் உள்பட ஆறு பேர் கைது.

மூன்றாம் நாள் அவர்மேல் தவறு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அது எந்தத் திரையின் அடியிலும் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது ஊர் மாறியிருந்தது. 'யோவ் டெய்லரே' என்றவர்கள் 'அண்ணா' என்றார்கள். தண்ணி லாரிக்காரர் இவர் வாசலில்தான் முதலில் நிறுத்தினார். கடையின் சொந்தக்காரர் பொன்னுரங்கம், இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறேன், காலி பண்ணு என்று வாராவாரம் வந்து கத்துகிறவர். அதற்குப் பிறகு கடைப் படி ஏறவே இல்லை.

சாலமன் யாரையும் மிரட்டவில்லை. யாரையும் திருத்தவும் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இப்போது ஜாஸ்மினுக்குப் பேசி முடித்த மேடவாக்கத்து மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பழைய வீடியோவை எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டார்கள். ரவுடி வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது.

"டிவில வந்தத டிவிலதாம்ப்பா அழிக்கணும்" என்று சொல்லி, இந்த யூடியூப் சேனல்காரர்களைத் தேடிப் பிடித்தவள் ஜாஸ்மின்தான். "கத்தி இல்ல, கத்திரின்னு சொல்லு. அது போதும்."

சொல்கிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார்.

அவள் இப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டின.

அவளுக்கும் பின்னால், எதிர் டீக்கடையில், பொன்னுரங்கம் தன் மகன் குமரவேலோடு நின்றிருந்தார். கையில் டீ கிளாஸ். குடிக்கவில்லை. காது இந்தப் பக்கம் இருந்தது.

ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொன்னால் மகள் கரையேறுவாள். பொன்னுரங்கம் படியேறுவார்.

"கத்…" என்று ஆரம்பித்தார் சாலமன். அதோடு நிறுத்தி, டேப்பை மறுபடி சுருட்டினார்.

பேட்டி எடுத்தவன் கையைத் தூக்கிக் கேமராவை நிறுத்தினான். "அண்ணா, கைல ஏதாவது வச்சுக்கிட்டுப் பேசுங்க. சும்மா உக்காந்தா டல்லா இருக்கு."

ஜாஸ்மினின் முகம் மலர்ந்தது. அவள் ஓடிவந்து மேசைக்கடியில் குனிந்து தேடி, ஸ்க்ரூவை எடுத்து நீட்டினாள். "இந்தாப்பா. கத்திரிய மாட்டி, கைல வச்சுக்கோ. பாத்தாலே புரிஞ்சிடும்."

சாலமன் அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலே டீக்கடையைப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா" என்றார்.

கழன்று கிடந்ததில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். எண்ணெய் துடைத்த முனை பளபளத்தது. தனியாகப் பார்க்க அது கத்திரி மாதிரியே இல்லை.

கேமரா மறுபடி ஓடியது.

"அதெல்லாம் பழைய கதை தம்பி. இப்ப எதுக்கு?" என்றார். தரையைப் பார்க்காமல் சொன்னார்.

எதிரே பொன்னுரங்கம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜாஸ்மின் ஸ்க்ரூவை நீட்டியபடியே நின்றாள்.