பழைய பல் மாதிரியே

காலை பத்தே கால். நான்காவது டோக்கன். பேர், முன்பல் அக்கா.

பேர் வைத்தது வரவேற்புப் பெண். அந்தப் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் சொந்தப் பேர் ஃபைலில் இருக்கும். அவள் வாயில் வருவது வேறு. கடைவாய் மாமா, பூச்சிப்பல் டீச்சர் என்று ஏகப்பட்ட பேர். இந்த அக்காவுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் பாதியாக உடைந்திருந்தன.

"எப்படிக்கா உடைஞ்சுது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள் அக்கா, கைக்குட்டையால் வாயை மூடியபடி.

கூட வந்த கணவர் சுவர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உட்காருங்க சார்" என்று இரண்டு தடவை சொல்லியும் திரும்பவில்லை. அந்த நிமிடமே அவருக்கும் பேர் விழுந்துவிட்டது: உம்மணாமூஞ்சி.

வரவேற்பு மேஜையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. சின்ன ஜன்னலை இழுத்து மூடிவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. மூடினாள். இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டு எக்ஸ்ரே அறைத் தோழியைக் கூப்பிட்டாள்.

"வழுக்கி விழுந்தாங்களாம்டி. எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்! கட்டினவன் கை வழுக்கியிருக்கும்."

"சும்மா இருடி. உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. ஒரு நோட்டுல எழுதி எழுதிக் காட்டிக்கறாங்க. ஆளைப் பாரு, கல்லுளிமங்கன். என்னையே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

கொஞ்ச நேரத்தில் ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

"மெட்டல் கேப் கெட்டி. ஆனா முன்பல்லுக்கு செராமிக்தான் சரி, சொந்தப் பல் மாதிரியே இருக்கும்," என்று டாக்டர் நிற மாதிரிகளைப் பரப்பினார். "இந்த வெள்ளை எடுத்துக்கோங்க. பத்து வயசு குறைஞ்சிடும்."

கணவர் குறுக்கே கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து மனைவியின் பழைய ஃபோட்டோவை எடுத்து மாதிரிகளோடு ஒட்டிப் பார்த்தார். லேசாக மஞ்சள் தட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நோட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினார்: 'பழைய பல் மாதிரியே. நீளம், நடுவில் இருந்த சந்து, எல்லாம்.'

டாக்டர் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார்.

வரவேற்புப் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்ததும் மேஜைக்கு ஓடினாள். ஜன்னல் மூடியது.

"செராமிக்ல மஞ்சளாம்டி! புதுப் பல்லுல பழைய சந்து வேணுமாம். பொண்டாட்டி அழகாயிட்டா நாலு பேர் பார்த்துடுவாங்களாம். சந்தேகப் பிராணி."

இரண்டாவது தடவை வந்தபோது கேப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். அக்காவின் நாற்காலிக்கு எதிரே நின்று கணவர் அவள் வாயையே பார்த்தார். அவள் உதட்டை அசைத்தாள். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். ஒரு மயிரிழை நீளமாம். கேப், அதைச் செய்த லேபுக்கே திரும்பியது.

மூன்றாவது தடவையும் அதே கதை. லேப்காரர் ஃபோனில் கத்தினார். "ஏம்மா, அந்த ஆளு பல்லு வாங்கறாரா, பொண்ணு பார்க்கறாரா?"

அதை அப்படியே எக்ஸ்ரே தோழிக்கு ஒப்பித்தாள். "உடைக்கறதையும் உடைச்சுட்டு இத்தனை ஜம்பம்! எனக்கு இப்படி ஒருத்தன் வாய்ச்சிருந்தா, அவனுக்குத்தான் முப்பத்திரண்டும் செராமிக் போட வேண்டியிருக்கும்."

கண்ணாடிக்கு வெளியே கணவரின் உதட்டோரம் துடித்தது.

"பாரு, பல்லைக் கடிக்கறான்," என்றாள்.

நான்காவது தடவை, ஜூன் பன்னிரண்டு, கேப் ஒட்டியாகிவிட்டது. அக்கா வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். கணவருக்கு எதிரே நின்று உதட்டை அசைத்தாள். சத்தமே வரவில்லை. அவர் கடகடவென்று சிரித்தார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த சோதனைக்குத் தேதி வாங்க அக்கா ஜன்னலுக்கு வந்ததும், வரவேற்புப் பெண் ஒரு துண்டுச் சீட்டை அவள் கையில் திணித்தாள்.

"பெண்கள் உதவி நம்பர்க்கா. எந்நேரமும் எடுப்பாங்க. பயப்படாதீங்க."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் புதுப் பல் தெரியச் சிரித்தாள்.

"அடிப்பாவி! அவருக்குக் காது கேக்காதும்மா. ஒரு காய்ச்சல்ல போச்சு, பதினெட்டு வருஷமாச்சு. தன் குரல் தனக்கே கேக்காததால பேசறதையும் விட்டுட்டார். என் வாயைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சுக்குவார். பல் உடைஞ்சதும் நான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். மூடாம பேசினாலும் வாய் அசையறது மாறிப்போச்சு. ஒன்றரை மாசமா நோட்டுதான். அதான் அதே பல்லு வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார்."

"ஐயோ! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"டாக்டருக்குத் தெரியும். வெளியில சொன்னா எல்லாரும் கத்திப் பேசறாங்க, அவருக்குப் பிடிக்காது."

அவர்கள் படி இறங்கும்வரை வரவேற்புப் பெண் தலை நிமிரவில்லை. பிறகு இன்டர்காமை எடுத்தாள்.

"நல்லவேளைடி. நான் பேசினது எதுவும் அந்த மனுஷன் காதுல விழல."

ஜூன் பத்தொன்பதாம் தேதி சோதனைக்கு வந்த கணவர், கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்: 'பல் அருமை. கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பெண் தங்கம். என் மனைவிக்காக என்னை ஒவ்வொரு தடவையும் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் பார்த்தேன். இப்படிக்கு, முப்பத்திரண்டும் செராமிக் போட வேண்டியவன்.'