ஒட்டாத அண்ணம்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சன்னலோரம், மூடுபனி விலகி விழும் வெயிலில், வெள்ளைக்கார டாக்டர் காளியாயியின் கைக்குழந்தையின் வாயைக் கரண்டிக் காம்பால் அகட்டிப் பிடித்திருக்கிறார். மேல்வாயில் அண்ணம் நடுவாகப் பிளந்து கிடக்கிறது. காலையில் புகட்டிய பால் மூக்கு வழியே வந்து, அவள் முந்தானையில் புளித்து நாறுகிறது. ‘மேக்சிலரி’, ‘பாலட்டல்’ என்று டாக்டர் இங்கிலீசில் அடுக்கிக்கொண்டே போகிறார். இன்னும் பேர் வைக்காத பிள்ளையின் ஓட்டைக்கு இத்தனை பேரா என்று காளியாயிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருந்து கலக்கும் நாகரத்தினம் அதைத் தமிழில் சொல்கிறார். “வயித்துக்குள்ள ரெண்டு பக்கமும் தட்டு மாதிரி வளந்து, மூணாம் மாசத்துக்குள்ள நடுவுல ஒட்டி அண்ணமாகணும். இதுக்கு ஒட்டல.” “கிரகணத்துல மலையேறிக் கொழுந்து கிள்ளுனா எப்படி ஒட்டும்?” என்கிறார் வாசலில் நிற்கும் கங்காணி வீரமுத்து. பிள்ளை பிறந்ததிலிருந்து கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லோர் வாயிலும் இதே பேச்சுதான். காளியாயி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறாள். குரலை உயர்த்தாமல் கங்காணியைப் பார்த்துச் சொல்கிறாள். “கிரகணம் புடிச்சப்ப எனக்கு ஏழு மாசங்க. அண்ணம் அதுக்கு முன்னயே போச்சு. புள்ளத்தாச்சி, வீட்டுக்குள்ள இருந்துக்குறேன்னு அன்னைக்கு உங்க கால்ல விழுந்தேன். கூலி ஏட்டுல பேர வெட்டிருவேன்னு மலைக்கு வெரட்டுனது நீங்கதானே?” கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்கிறார். அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்கிறார். நாகரத்தினம் கங்காணியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “நத்திங் சார்” என்கிறார். அந்த இங்கிலீசு காளியாயிக்குத் தெரியும்.