தானாக முளைத்தது

பதினேழாவது தடவை, எங்கே விழக்கூடாது என்று வாட்ச்மேன் நஞ்சப்பன் வேண்டிக்கொண்டிருந்தாரோ அங்கேயே போய் விழுந்தது அந்தச் சதுரம்.

காலையிலிருந்து பானுமதிக்கு அதே வேலைதான். கல்லூரியிலிருந்து தனியாக வந்திருந்தாள். நான்கு பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்த ஒரு மீட்டர் சதுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் எறிவாள். விழுந்த இடத்தில் குந்தி, அதற்குள் என்னென்ன செடி, எத்தனை என்று எண்ணி எழுதுவாள்.

கண்ணை மூடிக்கொண்டு எறிவதற்கும் ஒரு படிப்பு இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார் நஞ்சப்பன்.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கும் அந்தக் கிரானைட் குவாரியை மூடி நான்கு வருடமாகிறது. கழிவுக் கல் மேட்டின் மேல் மண்ணைக் கொட்டி, புங்கனும் வேம்பும் நட்டுவிட்டுப் போனார்கள். மண்ணுக்கு உயிர் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பானுமதியின் வேலை. அவளுடைய தாளில் இரண்டே கட்டம். நட்டது. தானாக முளைத்தது.

வாட்ச்மேன் அங்கே எதையும் விதைக்கக் கூடாது. முன்பு இருந்தவர் ஆசைப்பட்டு நாலு தக்காளிச் செடி வைத்தார். அந்த வாரமே மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். நஞ்சப்பன் மூட்டை கட்டினால் அதைக் கொண்டுபோய் இறக்க ஒரு வீடு கிடையாது. மனைவி போனபின் அந்தத் தகரக் கொட்டகைதான் அவருக்கு எல்லாம்.

உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம். சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு வேலை போவதே மேல்.

பானுமதி குந்தினாள். மற்ற சதுரங்களில் பார்த்தீனியம், தும்பை என்று மூன்று வகை தேறினால் அதிகம். இங்கே பேனா நிற்கவே இல்லை. கொள்ளு. துவரை. மொச்சை. உளுந்து. பாசிப்பயறு. எள்.

"ஐயா, இங்க வெள்ளாமை வச்சிருக்கீங்களா?"

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆடி மாதத்திலிருந்து அவர் பேச்சைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

புல் என்று நினைத்து விட்டிருந்த ஒன்றைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள் பானுமதி. புல் இல்லை, நெல். அதை ஒட்டியே கோதுமை. கல் மேட்டில் யார் நெல் விதைப்பார்கள்? இந்தப் பக்கத்தில் கோதுமை எங்கிருந்து வரும்? ஓரத்தில் ஒரு கொண்டைக்கடலைச் செடி வேறு.

விரல் விட்டு எண்ணியவள் ஒன்பதில் நின்றுவிட்டாள்.

அந்த ஒன்பதையும் கடையில் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். புதைத்த இடத்தில் பாலைத் தெளித்துத் தூவ.

மெதுவாக எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். பிறகு, அவருக்கும் தெரியும்படி தாளைச் சாய்த்துப் பிடித்து, 'தானாக முளைத்தது' என்ற கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள்.

நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அந்த இடத்தில் அவரோடு இன்னொருவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"இவங்க உங்களுக்கு என்ன ஆகணுங்க?"

மகன் என்று சொல்லிவிடலாம். தம்பி என்றும் சொல்லலாம். செருப்பைக் கழற்றி நிற்கிற பெண்ணிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மூணு வருசமா எங்கூட டூட்டிங்க மேடம். பகல்ல நானு, ராத்திரிக்கு அவன்."

பானுமதி சதுரத்தைக் கையில் எடுத்தாள். மிச்சமிருந்த மூன்று தடவையும் தள்ளித் தள்ளி எறிந்து முடித்தாள். பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள்.

கேட் ஓரத்துக் கம்பத்தில் ஒரு சங்கிலி தொங்கியது. அதன் முனையில் ஒரு தோல் கழுத்துப்பட்டை. கீழே நசுங்கிய அலுமினியத் தட்டு. காலையில் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தாள். இப்போது நின்றுவிட்டாள்.

நஞ்சப்பன் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க்கா இவ்வளவும் என்று இதோ சிரிக்கப்போகிறாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துருப்பிடித்த கேட் அசைந்தாலே ஊருக்குக் கேட்கும். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, நைட் டூட்டி பார்த்தவர் உள்ளே தூங்கும்போது சாத்துகிற மாதிரி, சத்தமே வராமல் சாத்திவிட்டுப் போனாள்.