சொந்த சர்வர்

"அக்கிரமம்! நம்ம நர்ஸம்மா கணக்கை மூடிட்டானுங்க!"

புரட்சி மேஜையைத் தட்டியதில் டீ டம்ளர் துள்ளியது. 'புரட்சி' என்பது எதற்கெடுத்தாலும் கொதிப்பதால் அவருக்கு வந்த பட்டம். நிஜப் பெயரே மறந்துபோயிற்று.

குழந்தைகளுக்குத் தடுப்பூசித் தேதியை நினைவூட்டும் மென்பொருளை நாலைந்து பேர் சேர்ந்து கிளினிக்குகளுக்கு இலவசமாக எழுதித் தருகிறார்கள். எழுதியதெல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் இணையதளத்தில், ஆளுக்கொரு கணக்கில் இருந்தது. கடல் தாண்டி ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸம்மாதான் அதில் தப்பு கண்டுபிடித்துத் திருத்துவதில் கெட்டிக்காரி. அவர் இருக்கும் நாட்டோடு இனி ஒட்டுறவு கிடையாது என்று கம்பெனி அவரைக் கழற்றிவிட்டது.

"ஏழு வருஷ உழைப்பு! ஒரே மெயில்ல முடிச்சுட்டான். மனுஷங்களா இவனுங்க?"

"சரி, என்ன பண்ணலாம்?" என்றார் கணக்கு டீச்சர். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து நிரல் எழுத உட்காருபவர்.

"சொந்த சர்வர் வைப்போம். எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். அப்புறம் எவனும் யாரையும் வெளிய போன்னு சொல்ல முடியாது!"

அந்தப் புதுத் தளத்தை நடத்த எந்த மென்பொருளைப் போடுவது என்று மூன்று வாரம் அடிதடி. ஒன்றில் வசதி ஏராளம். ஆனால் இவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் தாங்கவில்லை. இன்னொன்று இலேசானது, ஆனால் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். இரண்டே நாளில் ஐந்நூறு போலி விளம்பரக்காரர்கள் குடியேறிவிட்டார்கள்.

"மூணாவதுதான் சரி," என்றார் புரட்சி. "கணக்குத் தொடங்க வர்றவங்க இதுக்கு முன்னாடி செஞ்ச வேலையோட லிங்க் கொடுக்கணும். லிங்க் திறக்கலைன்னா தானாவே நிராகரிச்சுடும். கண்டவனும் உள்ள வர முடியாது."

"கொஞ்சம் கறாரா இல்ல?"

"ஏமாந்த காலமெல்லாம் போச்சு டீச்சர்."

எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றி, நர்ஸம்மாவுக்கும் விலாசம் அனுப்பினார்கள். ஒரு மாதமாகியும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

புரட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவும் யாருக்காக? தூக்கத்தைக் கெடுத்து, உங்ககிட்டல்லாம் சண்டை போட்டு... ஒரு நன்றி உண்டா? யாருக்கும் நல்லதே செய்யக் கூடாது!"

அதையே மெயிலிலும் கொட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் மாலை பதில் வந்தது.

"படிங்க டீச்சர், என்ன சாக்கு சொல்றாங்கன்னு பார்ப்போம்."

டீச்சர் படித்தார்.

"ஐயா, நாலு தடவை விண்ணப்பித்தேன். பழைய வேலையின் லிங்க் கேட்டது. நான் செய்ததெல்லாம் கம்பெனி மூடிய கணக்கில் அல்லவா இருக்கிறது? நாலு தடவையும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றே பதில் வந்தது. நீங்களும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள்போல என்று ஒதுங்கிவிட்டேன்.

"நம் மென்பொருள் சில குழந்தைகளுக்கு இரண்டாவது ஊசித் தேதியை ஒரு மாதம் தள்ளிக் காட்டுகிறது. திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்."

டீச்சர் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" புரட்சியின் குரல் இறங்கியிருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்."

"படிங்க."

"கம்பெனிக்காரர்கள் என்னை வெளியே அனுப்பியபோது காரணமாவது சொன்னார்கள்."